சந்தோஷத்துக்கு இன்னொரு பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசாங்க ஆபீஸ்கள் நிறைய. அதில் ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. பழைய பத்திரங்களுக்கு நகல் கேட்டு ஜனங்கள் வந்து நிற்கிற இடம் என்று வைத்துக்கொண்டால் போதும். எண்பதுகளின் பிற்பாதி. எனக்கு இருபத்துமூன்று வயது.

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் சூப்பிரண்டெண்டு என் மேஜைக்கு வந்தார். விரித்திருந்த பதிவேட்டுக்குள் ஒரு பழுப்பு உறையைச் செருகிவிட்டுத் தோளைத் தட்டினார்.

"என்ன சார் இது?"

"ஒண்ணுமில்ல தம்பி. சந்தோஷம். எல்லாருக்கும் உண்டு."

பக்கத்து மேஜையில் ஒரு அம்மாள் எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்:

"லஞ்சம், தம்பி. உன் பங்கு."

இன்றைக்கு வியாழக்கிழமை என்று சொல்வது போன்ற குரல். கோபம் இல்லை. கிண்டல்கூட இல்லை. சூப்பிரண்டெண்டு இரண்டு தடவை இருமிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். நான் உறையைப் பார்த்தேன், அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். வாங்காதே என்கிறாரா, தெரிந்து வாங்கு என்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆபீஸில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட ஏழெட்டு வயது மூத்த சூப்பிரண்டெண்டுக்கும் அவர் அக்காதான். நல்ல உயரம். ஒரு காம்பு உடைந்து நூல் சுற்றிய கண்ணாடி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பக்கம் எண்ணும்போது மட்டும் அது வாயில் வந்துவிடும். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று விரலில் எச்சில் தொட்டுப் பதிவேட்டைப் புரட்டுவார். என்னைப் போலவே ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய கணவர் மில்லில் பஞ்சு உடைக்கிற பகுதியில் வேலை பார்த்து, நெஞ்சில் இளைப்பு வந்து வீட்டோடு இருந்தார்.

எங்கள் ஆபீஸில் அந்தப் பணத்துக்கு ஏகப்பட்ட பெயர்கள் இருந்தன. மாமூல், கவனிப்பு, காப்பிச் செலவு, சந்தோஷம். வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர் ஜனங்களிடம் வாங்கிச் சேர்த்துக் கொடுப்பார். சாயங்காலம் பங்கு பிரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்வதில்லை. அக்கா அதை மட்டும்தான் சொல்வார்.

அக்காவுக்குப் பங்கு கிடையாது. அவர் வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை மேஜைமேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் எழுந்து நின்று, "என் மேஜையில யாரோ லஞ்சத்த மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. யாரோடது?" என்று ஜன்னலில் நிற்கிற ஜனங்களுக்குக் கேட்கும்படி கேட்டாராம். அதற்குப் பிறகு வைக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் வாங்குவதை அவர் தடுக்கவும் இல்லை. மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். மாங்காய்ப் பச்சடி கொண்டுவந்தால் எனக்கு ஒரு கரண்டி வைக்காமல் மூடியைப் போடமாட்டார்.

ஒரு தீபாவளிக்குப் பிறகு நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

"நல்லாருக்கே தம்பி. லஞ்சத்துல எடுத்ததா?"

"இல்லக்கா, சம்பளத்துல" என்றேன். பொய்.

"நல்ல கலரு. உனக்கு எடுப்பா இருக்கு."

உண்மையாகவே பாராட்டினார். அந்தச் சட்டையை நான் பிறகு ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகவில்லை. வீட்டில் இருக்கும்போது போட்டாலும் கழுத்துப் பட்டி உறுத்தியது.

எனக்கும் காரணங்கள் இருந்தன. அப்பா வேலை பார்த்த மில்லில் பாதி நாள்தான் ஷிப்டு. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் ஒருநாள் பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். நியாயந்தான் என்றோ தப்பு என்றோ அவர் ஏதாவது ஒன்று சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

"கஷ்டந்தான் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இன்னொரு நாள் காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவரே அறிவித்தார்: "நேத்து நான் லஞ்சம் குடுத்தேன்."

எழுதிக்கொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். சூப்பிரண்டெண்டின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

"நீங்களா? எதுக்குக்கா?"

"வீட்டுல மூணு நாளா கரண்டு இல்ல. அவிய மூச்சு விட முடியாமக் கெடக்காங்க, ஒரு ஃபேனு சுத்த வழியில்ல. கரண்டு ஆபீஸு ஆளு, குடுத்தாத்தான் வருவேன்னான். குடுத்தேன்."

"அப்பிடின்னா நீங்களும்..." என்று அவர் இழுத்தார்.

"ஆமா. நானுந்தான். குடுத்தத இல்லைன்னா சொல்ல முடியும்?"

பேச்சு அதோடு நின்றது. அவரை மடக்கிவிட்ட மகிழ்ச்சி யாருக்கும் கிடைக்கவில்லை. நான் அன்று முழுவதும் யோசித்தேன். இந்த அம்மாள் நல்லவரா, வெறும் வாயாடியா? வாங்கமாட்டார், ஆனால் கொடுப்பார். கொடுத்ததை மறைக்கமாட்டார். நம்மைத் திட்டமாட்டார், காட்டிக்கொடுக்கவும் மாட்டார். இவரை எதில் சேர்ப்பது?

நேராகவே ஒருமுறை கேட்டுவிட்டேன். "உங்களுக்குப் பிடிக்கலன்னா மேல எழுதிப் போட வேண்டியதுதானக்கா?"

"எழுதலாம். நீங்கள்லாம் குடும்பத்தோட கெடக்கவங்க. எழுதிக் கெடுக்கவா? எனக்கு வாய் இருக்கு, உள்ளதச் சொல்லுதேன். அது போதும்." அவரே தொடர்ந்தார். "ஜனங்க எதுக்குக் குடுக்காங்க தம்பி? நம்ம மூஞ்சிக்கா? அலைய முடியாமக் குடுக்காங்க. அந்த அலைச்சல எடுத்துட்டா குடுக்க மாட்டாங்கள்ல?"

அலைச்சலை எடுக்கத்தான் அவர் அந்த நோட்டுகளை எழுத ஆரம்பித்தார். ஒரு பத்திரத்துக்கு நகல் வேண்டுமானால் அது எந்த வருடம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஆபீஸின் பழைய அட்டவணையைக் கரையான் தின்றிருந்தது. அதனால் ஒரு நகலுக்கு ஒரு மாதம்கூட ஆகும். உறை வந்தால் ஒரே நாளில் கிடைக்கும். அக்கா கோடைக்காலம் முழுக்க, மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஆபீஸ் விட்ட பிறகும் உட்கார்ந்து, ஊர் வாரியாக, பெயர் வாரியாக ஐந்து நீள நோட்டுகளில் எல்லாவற்றையும் எழுதி முடித்தார். பிறகு எந்தப் பத்திரமானாலும் தேட பத்து நிமிடம்தான். "நாலு மணிக்கு வாங்க, கைல குடுத்துருதேன்" என்று ஜன்னலில் சொல்ல ஆரம்பித்தார். சொன்னபடி கொடுத்தார்.

வாசலில் மனு எழுதுகிறவரின் மேஜையில் கூட்டம் குறைந்தது. சாயங்கால உறை மெலிந்தது. ஒருநாள் சூப்பிரண்டெண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த நோட்டுக கொஞ்ச நாளைக்குக் கண்ணுல படாம இருந்தா நல்லாருக்கும் தம்பி. தங்கச்சிக்கு வேற பாத்துக்கிட்டு இருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான்தான் செய்தேன். அன்று சாயங்காலம் அக்கா கைகழுவப் போனபோது இரண்டு நோட்டுகளை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். ராஜபாளையத்துக்கு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பீரோவுக்கு மேலே பழைய துணி மூட்டைக்கு அடியில் திணித்தேன்.

அன்று காலையில்தான் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெண் வந்து மனு கொடுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், கணவர் இறந்து ஒரு வருடம். நிலம் அவர் கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது; கொழுந்தன் அது குடும்பச் சொத்து என்கிறான். ஊர்க் கூட்டத்தில், அமாவாசைக்குள் பத்திர நகலைக் கொண்டுவா, இல்லையென்றால் பாதியை எழுதிக்கொடு என்று சொல்லிவிட்டார்கள். "நாளைக்கு நாலு மணிக்கு வாங்கம்மா" என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தார்.

மறுநாள் நாலு மணிக்கு அவர் வந்தார். அக்கா அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருந்தார். சுந்தரபாண்டியம் இருந்த நோட்டும் காணாமல் போனதில் ஒன்று.

"தம்பி, ரெண்டு நோட்டக் காணோம். பாத்தியா?"

"இல்லயேக்கா."

அந்தப் பெண் மறுநாளும் வந்தார். அடுத்த வாரமும் வந்தார். மனு எழுதுகிற வாசல்காரர் அவரிடம் சந்தோஷம் கேட்டதும், அவர் கையை விரித்ததும் எனக்குத் தெரியும். அக்கா ஒரு பக்கம் பழைய புத்தகங்களைப் புரட்டித் தேடினார். இன்னொரு பக்கம் காணாமல் போன நோட்டைத் திரும்ப முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். அமாவாசைக்குப் பிறகு அந்தப் பெண் வரவில்லை.

ஒரு வாரம் நான் அந்தப் பீரோவின் பக்கமே போகவில்லை. ஒருநாள் காலை பஸ்ஸில் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, நோட்ட எடுத்தது நாந்தான்."

அக்கா திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரிந்திருக்கவில்லை.

"நீயா? நான் சூப்பிரண்டெண்டுன்னுல்லா நெனச்சேன்! இத்தன நாளா அவரு மூஞ்சியப் பாத்துப் பேசலையே!" பிறகு பஸ் முழுக்கக் கேட்கும் குரலில், "லஞ்சத்துக்காகவா எடுத்த?" என்றார்.

முன் சீட்டில் இருந்த பால்கோவாக் கடைக்காரர் திரும்பினார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். "ஆமாக்கா" என்றேன்.

ஆபீஸுக்குப் போனதும் அவர் செய்த முதல் காரியம் சூப்பிரண்டெண்டின் முன்னால் போய் நின்றதுதான். "சார், நோட்ட நீங்க எடுத்ததா நெனச்சுட்டேன். எடுத்தது இந்தத் தம்பி. மன்னிச்சுக்கங்க." எடுக்கச் சொன்னவர் முகம் வெளுத்து, "பரவால்லக்கா, பரவால்ல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் கோழைத்தனத்தில் அதுதான் மோசமானது என்று இப்போது நினைக்கிறேன்.

நோட்டு திரும்பி வந்ததும் சுந்தரபாண்டியத்துப் பத்திரம் பத்து நிமிடத்தில் அகப்பட்டது. அக்காவே நகல் எழுதி, முத்திரை போட வைத்து, என் கையில் கொடுத்தார். "நீயே கொண்டு போ. என்ன செஞ்சன்னு அந்தம்மாட்டச் சொல்லு."

சுந்தரபாண்டியத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் பெண் புளி தட்டிக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப எதுக்கு சார் இது? போன வாரந்தான் பாதிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"ஆபீஸுல கொஞ்சம் தவறு நடந்துபோச்சும்மா."

அவர் தலையாட்டினார். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்தார். "அம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. இதுக்கு எம்புட்டு சார்?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் வரும்வரைகூட அங்கே நிற்க முடியாமல் ரோட்டோடு நடந்தேன்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "என்ன வார்த்தை சொன்ன? தவறுன்னா சொன்ன?"

"ஆமாக்கா."

"திரும்பப் போ."

போனேன். இரண்டாவது தடவை நான் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் புளியங்கொட்டைகளை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். லஞ்சத்துக்காக உங்கள் தாளை நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நின்றேன்.

"நாலு மணிக்கு வாங்கன்னு சொன்னாங்களே ஒரு அம்மா, அவுகளும் இதுல சேத்தியா?"

"இல்லம்மா. அவங்க வாங்க மாட்டாங்க."

"நீங்க வாங்குறது அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா விட்டு வச்சிருந்தாக?"

அதே கேள்வியைக் கொண்டுவந்து அக்காவிடம் வைத்தேன். பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, அந்த நூலைச் சும்மாவே பிரித்துச் சுற்றினார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸ் தொடங்கும் நேரத்தில் எழுந்து நின்றார். கையில் நாலு பக்கத்துக்கு ஒரு மனு. மேலிடத்துக்கு. "அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க கேட்டுக்கணும்" என்று சொல்லிவிட்டு வாசித்தார். யார் யார், எந்த வேலைக்கு, எப்படி, வாசலில் யார் வழியாக என்று ஒவ்வொன்றாக. முதல் பெயர் சூப்பிரண்டெண்டு. நாலாவது பெயரில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, உன் இனிஷியல் சரியா இருக்கா?"

"சரிதாங்க்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

கடைசியாக இருந்தது அவர் பெயர். பதினோரு வருடம் கண்ணால் பார்த்தும் மேலே தெரிவிக்காமல் இருந்த குற்றத்துக்கு என்று அதன் எதிரே எழுதியிருந்தார்.

விசாரணை வந்தது. சூப்பிரண்டெண்டைத் தூரமாக மாற்றினார்கள். என்னையும் இன்னும் இரண்டு பேரையும் சஸ்பெண்டு செய்தார்கள். அக்காவுக்கு ஒரு வருடச் சம்பள உயர்வை வெட்டினார்கள். அவரே ஒப்புக்கொண்டதால் அவர் கோப்பு முதலில் முடிந்தது. தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. "உன்ன எழுதிவிட்ட அந்தப் பொம்பளைக்கு நீ என்னலே கெடுதல் செஞ்ச?" என்று அப்பா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். செய்ததைச் சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை.

சஸ்பெண்டான இரண்டாவது மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வாசலிலேயே சத்தம் போட்டார். அக்கா முழுவதையும் நின்று கேட்டார்.

"உங்க மகன் லஞ்சம் வாங்குனான்னு எழுதுனது நாந்தாங்க. சஸ்பெண்டு ஆனாலும் விதிப்படி பாதிச் சம்பளம் உண்டு, இப்ப அவனுக்கு அதையும் நிறுத்தி வச்சிருக்காங்க. அது அநியாயம்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "எந்த விதின்னு இதுல எழுதியிருக்கேன். இதக் காட்டிக் கேளு. யாருக்கும் எதுவும் குடுத்துறாத."

பாதிச் சம்பளம் வந்தது. அப்பா அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேசவில்லை. என் வேலையைப் பறித்தவரும் அவர், சோற்றைக் கொடுத்தவரும் அவர் என்றால் நான் யாரை வெறுப்பது?

சுந்தரபாண்டியத்துப் பெண்ணை அக்கா ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனதாகவும், நாலைந்து வருடம் கழித்து எழுதிக் கொடுத்ததில் பாதி திரும்பக் கிடைத்ததாகவும் கேள்விப்பட்டேன். புதிதாக வந்த அதிகாரி அக்காவின் நோட்டுகளுக்கு அட்டை போட்டு, ஆபீஸ் பதிவேடாகவே சேர்த்துக்கொண்டாராம். எந்த நகலுக்கு என்ன கட்டணம், எத்தனை நாள் என்று வாசலில் பலகையும் வைத்தாராம். வாசல்காரர் மேஜையை எடுத்துக்கொண்டு வேறு ஆபீஸ் வாசலுக்குப் போனார். அவர் தொழிலே அத்தோடு ஒழிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

எனக்குத் திரும்ப வேலை கிடைத்தது, வேறு ஊரில், வேறு ஆபீஸில். அங்கேயும் சாயங்காலம் உறை வந்தது. நான் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. கணவர் தவறிவிட்டார் என்று சொன்னார். தங்கையைப் பற்றி விசாரித்தார். கல்யாணமாகித் தளவாய்புரத்தில் இருக்கிறாள் என்றேன்.

"புது ஆபீஸு எப்பிடி இருக்கு தம்பி?"

"அங்கயும் அப்பிடித்தாங்க்கா. எல்லாரும் வாங்குதாங்க." பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "நான் வாங்குறதில்ல."

ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடுமையாக இல்லை. களைப்பாக இருந்தது.

"நானுந்தான் தம்பி, பதினோரு வருசம் வாங்கல" என்றார்.

டவுன் பஸ் வந்துவிட்டது. "வாரேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்ப்பார் என்று நின்றேன். உட்கார இடம் கிடைக்காமல் உள்ளே தள்ளிப் போய்விட்டார்.

மறுநாள் என் ஜன்னலுக்குப் பக்கத்தில், எந்த வேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று நானே கையால் எழுதி ஒரு தாளை ஒட்டினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அதைக் கிழித்திருந்தார்கள். யார் என்று கேட்கவில்லை. இன்னொரு தாள் எடுத்து, இந்தத் தடவை கீழே என் பெயரையும் போட்டு எழுத ஆரம்பித்தேன். பெயரைப் போட வைத்தது கோபமா, அந்த அம்மாள்மேல் இருந்த ஏதோ ஒன்றா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.